கேட்பதற்கு ஓர் ஆள்

2020 செப்டம்பர் 14, திங்கட்கிழமை காலை 9 மணிக்கு மக்களவை கூடியது. மார்ச் 23 அன்று, ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்பு, நிதி மசோதாவை விவாதமின்றி நிறைவேற்றிவிட்டுக் கலைந்த அவை அது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டம். அந்த ஆறு மாதம் முடிய ஏறக்குறைய ஒரு வாரமே மீதி இருந்தது.

நாடாளுமன்றம் இப்படிக் கூடி யாரும் பார்த்ததில்லை. மக்களவை உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் மாநிலங்களவை மண்டபத்தில் அமர்ந்தார்கள். சிலர் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள். இருக்கைகளுக்கு இடையே ஒளி ஊடுருவும் தகடுகள் நின்றன. எழுந்து நின்று பேசும் மரபை ஒதுக்கிவைத்து, முகக்கவசத்தோடு உட்கார்ந்தபடியே பேசினார்கள். காலையில் ஓர் அவை, பிற்பகலில் மற்றோர் அவை என்று நாளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம்.

முதல் வேலை அஞ்சலி. முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகஸ்ட் 31 அன்று மறைந்திருந்தார். கன்னியாகுமரி உறுப்பினர் எச்.வசந்தகுமார் ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் கொரோனாவுக்கு உயிரிழந்திருந்தார். அவை ஒரு மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது. அச்சம் பொய்யானதல்ல. அன்று கூடுவதற்கு முன் எடுத்த பரிசோதனையில் இரு அவைகளிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே திருப்பதி உறுப்பினர் பல்லி துர்கா பிரசாத் ராவ், கர்நாடகத்தின் மாநிலங்களவை உறுப்பினர் அசோக் கஸ்தி, ரயில்வே இணையமைச்சர் சுரேஷ் அங்காடி ஆகிய மூவர் அடுத்தடுத்து இறந்தார்கள். உயிருக்கு ஆபத்து உண்டென்று தெரிந்தே உறுப்பினர்கள் அந்த மண்டபத்துக்கு வந்தார்கள். அதை மதிக்காமல் அந்த நாளைப் பற்றி எழுதுவது முறையாகாது.

மதித்துவிட்டுத்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அஞ்சலி முடிந்து அவை மீண்டும் கூடியதும், இந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இருக்காது என்ற தீர்மானம் வந்தது. காங்கிரசின் அதீர் ரஞ்சன் சௌத்ரி உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் எதிர்த்தார்கள். அசாதாரணமான சூழ்நிலை, ஒத்துழையுங்கள் என்றது ஆளுந்தரப்பு. தீர்மானம் நிறைவேறியது. அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம் அரை மணியாகச் சுருங்கியது. தனிநபர் மசோதாக்களுக்கான நேரம் இல்லை. எழுத்தில் கேட்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் உண்டு என்பது மட்டும் மிஞ்சியது.

இதில் என்ன பெரிய இழப்பு என்று தோன்றலாம். நாடாளுமன்றத்தில் கேள்விகள் இருவகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் நேரில் பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு இருபது கேள்விகள் அப்படிப் பட்டியலில் வரும். பதில் திருப்தி தராவிட்டால் கேட்டவர் துணைக் கேள்வி கேட்கலாம். மற்ற உறுப்பினர்களும் தொடரலாம். எழுதிவந்த தாளை வாசித்துவிட்டு அமைச்சர் உட்கார முடியாது. குறியில்லாத கேள்விக்கு அச்சிட்ட பதில் மேசைக்கு வரும், அத்தோடு முடிந்தது. செப்டம்பர் 2020இல் பறிபோனது அந்தத் துணைக் கேள்விதான். நாட்டையே ஆள்பவர் அடுத்து என்ன கேட்பார்களோ என்று தயாராகி வர வேண்டிய ஒரு மணி நேரம்தான் கேள்வி நேரம். மற்ற நேரமெல்லாம் அரசு பேச நினைப்பதைப் பேசும் நேரம்.

இழப்பு எவ்வளவு என்பது அன்றே தெரிந்தது. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்ற எழுத்துக் கேள்விக்குத் தொழிலாளர் துறையின் பதில் அன்று மேசைக்கு வந்தது. அப்படி ஒரு கணக்கு பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்பது அதன் சாரம். அதே பதிலில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஊர் திரும்பிய கணக்கு மாநிலவாரியாக இருந்தது. ஊர் போனவர்களை எண்ண முடிந்தது, வழியில் விழுந்தவர்களை எண்ணவில்லை. நான்கு நாள் கழித்து மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் தந்த எழுத்துப் பதிலில், தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது 97 பேர் இறந்ததாகக் கணக்கு இருந்தது. ஒரு துறையிடம் கணக்கு இல்லை, இன்னொரு துறையிடம் ஒரு பகுதிக் கணக்கு இருக்கிறது. கேள்வி நேரம் இருந்திருந்தால், மாநில அரசுகளிடமும் காவல் நிலையங்களிடமும் ரயில்வேயிடமும் கேட்டீர்களா, கேட்கவில்லையென்றால் ஏன் என்று ஒருவர் எழுந்து கேட்டிருப்பார். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கு ஒரு பதில் வந்திருக்கும். பதில் வராவிட்டால், வராததும் பதிவாகியிருக்கும்.

இதற்கும் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. வில்லியனூர் கொம்யூனில்தான் சேதராப்பட்டு தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் என்று தொலைவிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தொழிற்சாலை மூடியதும் வாடகை அறையில் அடைந்து கிடந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று இங்கிருப்பவர் அறிந்துகொள்ள வழி எங்கே? டெல்லியில் கேட்டால்தான் உண்டு.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். மாநிலங்களைவிட நமக்கு டெல்லியின் கதவு அதிகம் தேவைப்படுகிறது. ஆண்டு பட்ஜெட்டை இங்கே வாசிப்பதற்கு முன் அங்கே ஒப்புதல் வாங்க வேண்டும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனை ஒன்றிய சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறது. அந்த ஆண்டு ஜிப்மரில் வழக்கமான புறநோயாளிப் பிரிவு சுருக்கப்பட்டபோது, சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் என்று மாதந்தோறும் மருந்துச் சீட்டோடு பஸ் ஏறிய கிராமத்து ஆட்கள் தவித்துப் போனார்கள். அதைப் பற்றிப் புதுச்சேரிச் சட்டமன்றத்தில் எவ்வளவு பேசினாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் டெல்லியில் இருக்கிறார். அங்கே கேட்க புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஒருவர். மக்களவையின் 543 இடங்களில் நமக்கு ஒன்று. பெரிய மாநிலத்துக்கு ஒரு வாய் அடைபட்டால் இன்னும் பத்து வாய் இருக்கும். நமக்கு இருப்பது ஒன்றுதான். தொகுதி மேம்பாட்டு நிதியும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டிருந்ததால், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கருவி வாங்கித் தரக்கூட அவர் கையில் காசில்லை. அப்படிப்பட்டவரிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆயுதம் கேள்வி. அதுவும் பாதி போனது.

நம்மூர் அவையில் என்ன நடந்தது? அதே ஆண்டு ஜூலை 20 அன்று புதுச்சேரிச் சட்டமன்றம் பட்ஜெட்டுக்காகக் கூடியது. பட்ஜெட் கூட்டத்தொடரின் தொடக்கத்தில் துணைநிலை ஆளுநர் உரையாற்றுவது மரபு. ஒப்புதல் நடைமுறை முடியவில்லை என்று சொல்லி கிரண் பேடி அன்று வரவில்லை. முதலமைச்சர் நாராயணசாமி உரை இல்லாமலே 9,000 கோடி ரூபாய் பட்ஜெட்டை வாசித்தார். நான்கு நாள் கழித்து ஆளுநர் வந்து உரையாற்றினார். இதற்கிடையே கூட்டத்துக்கு வந்திருந்த உறுப்பினர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. மண்டபத்தை மூடினார்கள். ஜூலை 25, சனிக்கிழமை, சட்டமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவை கூடியது. பட்ஜெட்டை நிறைவேற்றிவிட்டுத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

மரத்தடியில் கூடியதைப் பலரும் வியந்து எழுதினார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு உட்காருவது அன்றைக்கு அறிவார்ந்த செயல். இடம் இல்லை என்று அவையைக் கைவிடாமல் வெளியே கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. என்னை உறுத்துவது வேறு. ஊரடங்கு, அரிசி, மருத்துவமனை, வேலையின்மை என்று ஓராண்டின் அத்தனை துயரத்துக்குமான பணம், துறைவாரியாகக் கேட்டு அலச நேரமில்லாமல், மரத்தடியில் சில மணி நேரத்தில் முடிந்தது. அந்த வட்டத்தில் பாகூருக்கு நாற்காலி இல்லை. பாகூர் உறுப்பினர் தனவேலு கட்சி விரோத நடவடிக்கைக்காக அதே ஜூலை மாதம், கூட்டத்தொடருக்குச் சில நாட்களே முன்பு, பேரவைத் தலைவரால் தகுதிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அது சரியா தவறா என்பது கட்சிகளின் வழக்கு. ஊரின் கணக்கு வேறு. இடைத்தேர்தல் நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் பொதுத்தேர்தல் வரும்வரை, பெருந்தொற்றின் கடினமான மாதங்களில், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூருக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. 2021 ஜனவரியில் வில்லியனூர் உறுப்பினரும் பதவி விலக, அந்த நாற்காலியும் காலியானது.

அப்போது பாகூரிலிருந்து கேட்பதற்குக் கேள்விகள் இல்லாமலா இருந்தன? பாகூர் கொம்யூனின் நிலம் கடலூர் மாவட்டத்தோடு பின்னிப் பிணைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட எல்லை வயலுக்கு நடுவே ஓடுகிறது. வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் என்பது இங்கே சாதாரணம். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடலூர்தான் பக்கம். முள்ளோடை சோதனைச் சாவடியில் தடுப்பு விழுந்ததும் எல்லாம் நின்றது. இ-பாஸ் எடுக்கத் தெரிந்தவர் எடுத்தார். கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாத விவசாயி, தன் நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச எந்த அரசிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் நின்றார். இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி ஓர் ஒழுங்கு செய்திருக்கலாம். செய்ய வைக்க யாராவது விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

அரிசியும் அப்படித்தான். அரிசி கொடுப்பதா, அதற்கு ஈடாக வங்கிக் கணக்கில் பணம் போடுவதா என்ற சண்டை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நீண்டு நீதிமன்றம்வரை போனது. அதில் புதுச்சேரியின் ரேஷன் கடைகள் செயலிழந்து கிடந்தன. ஒன்றிய அரசு ஊரடங்கு கால இலவச அரிசியை அறிவித்தபோது, நாடெங்கும் ரேஷன் கடை வழியே போன அரிசியை இங்கே வேறு இடங்களில் வைத்து வழங்க வேண்டியிருந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோரின் சிவப்பு அட்டைக்கு எப்போது, மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு உண்டா என்று தெருத்தெருவாகப் பேச்சு. கையில் பையோடு நின்ற பெண்களுக்கு அந்த இரண்டு கேள்விக்கும் உறுதியான பதில் சொல்ல ஊரில் எவரும் இல்லை. யாருகிட்ட போயி கேக்கறது என்பதுதான் அந்த ஆண்டு கிராமங்களில் அதிகம் கேட்ட வாக்கியம்.

அதற்கு உண்மையான பதில் ஒன்று இருந்திருக்க வேண்டும்: பஞ்சாயத்துத் தலைவரிடம் போய்க் கேள். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அப்போது அப்படிச் சொல்ல முடிந்தது. வில்லியனூரிலும் பாகூரிலும் முடியவில்லை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. 2006இல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு பெருந்தொற்று வந்தபோதும் தேர்தல் இல்லை. 2021இல் தேதி அறிவித்து, இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் போய், அதுவும் நின்றது. கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆணையர்கள் நடத்துகிறார்கள். அவர்களும் அவர்களுக்குக் கீழே துப்புரவுப் பணியாளர்களும் அந்த மாதங்களில் செய்த வேலையை நாம் மறக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக நடந்தவர்கள் அவர்கள். ஆனால் ஆணையர் மேலிடத்துக்குப் பதில் சொல்பவர். ஊருக்குப் பதில் சொல்ல ஊர் தேர்ந்தெடுத்த ஆள் வேண்டும். ஐந்து ஆண்டில் திரும்பவும் உங்கள் வாசலுக்கு வந்து நிற்க வேண்டியவர் வேண்டும்.

வில்லியனூர் கொம்யூனுக்கு இதில் ஒரு தனி உரிமையே உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில்தான் பிரெஞ்சு இந்தியாவின் எதிர்காலம் வாக்குக்கு வந்தது. வாக்களித்தவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகரமன்ற உறுப்பினர்களும், மொத்தம் 178 பேர். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. இந்த மண் இந்தியாவுக்குள் வந்ததே கொம்யூன் உறுப்பினர்கள் போட்ட வாக்கால். கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றுகிறார்கள். வாக்களித்த அந்த மன்றங்களின் வாரிசாக இன்று ஒரே ஒரு கொம்யூன் உறுப்பினர்கூட இல்லை என்பதை அந்த மேடையிலிருந்து யாரும் சொல்வதில்லை.

பெருந்தொற்றில் வேறு வழி இல்லை என்பார்கள். இருந்தது. பிரிட்டனில் 2020 ஏப்ரலிலேயே சில உறுப்பினர்கள் அவையிலும் மற்றவர்கள் வீட்டிலிருந்து காணொலியிலும் என்று மக்களவை கூடியது. முதலில் அங்கே மீட்டது கேள்விகளைத்தான். பிரதமர் ஜான்சன் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 22 அன்று அவருக்குப் பதிலாக டொமினிக் ராப் நின்று பதில் சொன்னார். மறுபுறம் இலங்கையைப் பார்க்கலாம். மார்ச் 2 அன்று கலைக்கப்பட்ட நாடாளுமன்றம், தேர்தல் இரண்டு முறை தள்ளிப்போய், ஆகஸ்ட் 20 அன்றுதான் மீண்டும் கூடியது. ஐந்து மாதத்துக்கு மேல் அங்கே பெருந்தொற்றை அதிபரும் அவர் அமைத்த செயலணிகளும் நடத்தினார்கள், கேட்க அவையே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நாம் நின்றோம். அவை இருந்தது, மசோதாக்கள் இருந்தன, கேள்வி மட்டும் இல்லை. அமைச்சருக்குக் குறிப்பு எடுத்துத்தர அதிகாரிகள் கூடுவார்கள், கூட்டம் பெருகும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதிகாரியைத் தன் அலுவலகத்திலேயே உட்காரவைத்துத் தகவல் வாங்கியிருக்க முடியாதா? வங்கியும் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் திரைக்கு மாறிய ஆண்டு அது.

கேள்வி இல்லாத அவை வேகமாகச் சட்டம் செய்யும். செப்டம்பர் 14 அன்று அறிமுகமானவற்றில் மூன்று வேளாண் மசோதாக்களும் உண்டு. பாகூரில் நெல் போடுபவர், விளைச்சலை எங்கே யாரிடம் விற்பார் என்பதை மாற்ற வந்த மசோதாக்கள். ஏழாம் நாள், செப்டம்பர் 20 அன்று, அவற்றில் இரண்டு மாநிலங்களவையில் கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எண்ணி வாக்கெடுக்கக் கோரியது நடக்கவில்லை. எதிர்த்த எட்டு உறுப்பினர்கள் மறுநாள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பத்து நாளில் இரு அவைகளும் தலா 25 மசோதாக்களை முடித்துவிட்டு, திட்டமிட்டதற்கு எட்டு நாள் முன்பே செப்டம்பர் 23 அன்று கூட்டத்தொடர் முடிந்தது. குளிர்காலக் கூட்டத்தொடரை நடத்தவே இல்லை. அவையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் டெல்லி எல்லையில் டிராக்டரோடு ஓராண்டு உட்கார்ந்திருந்தன. 2021 நவம்பர் 29 அன்று சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள், அதையும் விவாதமில்லாமல். செய்தது ஏன், திரும்பப் பெற்றது ஏன் என்ற இரண்டுக்கும் அவைக் குறிப்பில் ஒழுங்கான விளக்கம் இல்லை.

புதுச்சேரிக்கு இன்னொன்றும் நடந்தது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மார்ச்சில், இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்தபோது, புதுச்சேரியின் இடைக்காலச் செலவுக்கான ஒப்புதலை டெல்லி நாடாளுமன்றமே வழங்கியது. வில்லியனூர் சுகாதார நிலையத்து மருந்துச் செலவும் பாகூர் வாய்க்கால் தூர்வாரும் செலவும் அந்தத் தொகைக்குள்தான் வர வேண்டும். அதைப் பற்றி எழுந்து கேட்க அங்கே மக்களவையில் நமக்கு ஒருவர். இங்கே சட்டமன்றம் இல்லை, கொம்யூன் மன்றம் இல்லை. மேலிருந்து கீழ்வரை கேட்கும் இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, எஞ்சியது மேலே ஒரு நாற்காலி.

ஒன்றும் நிரந்தரமாகப் பறிபோகவில்லை என்று சொல்லலாம். 2021 பட்ஜெட் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் திரும்பியது. பாகூருக்கும் வில்லியனூருக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் வந்தார்கள். ஆனால் அந்த ஓராண்டில் கேட்காமல் போன கேள்விகளுக்குப் பிறகு ஒருபோதும் பதில் வரவில்லை. இறந்த தொழிலாளியின் கணக்கு இன்றும் முழுமையாக இல்லை. கொம்யூன் மன்றங்களோ திரும்பி வரவே இல்லை. நெருக்கடி முடிந்ததும் திரும்பிவிடும் என்று நாம் நம்பிக் கொடுக்கும் உரிமைகளில் எது திரும்பும், எது திரும்பாது என்பதை முடிவு செய்வது கொடுத்தவர்கள் அல்ல.

ஆகவே கேட்க வேண்டியதை இப்போதே, நோயில்லாத நாளிலேயே கேட்டு வைக்க வேண்டும். எந்த நெருக்கடியிலும் கேள்வி நேரத்தை நிறுத்த முடியாது என்பதை அவை விதியாகவே எழுத வேண்டும். மண்டபத்தில் முடியாவிட்டால் காணொலியில், அதுவும் முடியாவிட்டால் மரத்தடியில் நடக்கட்டும். தொகுதி காலியானால் பெருந்தொற்றைக் காட்டி ஊரை மாதக்கணக்கில் ஆளில்லாமல் விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்பு, வில்லியனூரும் பாகூரும் தங்கள் கொம்யூன் தேர்தலைக் கேட்க வேண்டும். கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இட ஒதுக்கீட்டுக் கணக்கு முடியட்டும் என்பார்கள். 1968இலிருந்து பார்த்தால் நாம் தேர்தலோடு இருந்த ஆண்டுகளைவிடத் தேர்தலுக்காகக் காத்திருந்த ஆண்டுகளே பல மடங்கு. அடுத்த நோய் வரும் நாளில் அரிசி எப்போது, பாதை எப்போது திறக்கும், ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார் என்று நம் தெருவிலிருந்து ஒருவர் போய்க் கேட்க, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் ஊரிலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவரை இப்போது தேர்ந்தெடுத்தால்தான் அப்போது இருப்பார்.